சிங்கத்தையும் கூட்டிட்டு வாங்க

அந்தச் சன்னலைச் சித்தச் சாத்திக்கறீங்களா? எனக்குக் காத்து ஆகாதுன்னு இல்லீங்க. காத்தடிச்சாப் பேசறது கேக்காது, அதுக்குத்தான்.

தாராபுரம் வரைக்குமா போறீங்க? நானும் அங்கதானுங்க. நல்லதாப் போச்சு. தூங்கறதுன்னாத் தூங்குங்க, நான் யாரையும் தொந்தரவு பண்ற ஆளில்ல. எங்கூருல வந்து கேட்டுப் பாருங்க, தொளசிமணின்னு ஒருத்தி அடுத்தவிய வெவகாரத்துல என்னிக்காவது தலையிட்டிருக்காளான்னு. ஒருத்தி ஆமான்னு சொல்லட்டும் பாக்கலாம்.

எங்கதைய நான் யாருகிட்டயும் சொல்றதில்லீங்க. உங்க மூஞ்சியப் பாத்தாச் சொல்லலாம்னு தோணுது.

எனக்கு ஒரே பையன். பூபதின்னு பேரு. போர்வண்டில ஓடறான். எங்க திருச்செங்கோட்டுப் பக்கம் பாதிச் சனம் அதானுங்களே, லாரி மேல மெஷினை ஏத்திக்கிட்டு ஊரூராப் போயி பூமியத் தொளைச்சுத் தண்ணி பாக்கறது. ஒரிசா, சத்தீஸ்கருன்னு போனா மாசக்கணக்குல வரமாட்டான். ஆளு கருப்பா ஓங்குதாங்கா சிங்கமாட்டம் இருப்பானுங்க. கல்யாணமாயி அஞ்சு வருசம் ஆச்சு. மருமக நர்மதா, சங்ககிரிக்காரி. நல்ல புள்ளைங்க. நான் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்ல.

கொளந்தை இல்லீன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க. மாசாமாசம் 'ஏங்கண்ணு, இந்த மாசமும் தலைக்கு ஊத்திக்கிட்டயா?'ன்னு கேப்பேன். அது கேக்கறது, சொல்றதில்லையே. எதுத்த ஊட்டு ரத்தினா வாசல்ல நின்னுக்கிட்டு 'உங்க மருமகளுக்கு விசேசம் ஏதும் இல்லீங்களா?'ன்னு கேட்டாள்னா, 'எங்கீங்க, எந்தலையெழுத்து, காய்க்காத மரத்தக் கொண்டாந்து நட்டு வெச்சிருக்கறேன்'னு ரத்தினாகிட்டச் சொல்லுவேன். ரத்தினாகிட்டத்தான். இவ உள்ளாற சோறாக்கிட்டு இருப்பா. அவ காதுல உழுந்தா நான் என்ன பண்றது? எங்க ஊடு சின்ன ஊடு.

அவளுக்கு நான் பண்ணாத வைத்தியம் இல்லீங்க. மலைவேம்பை அரைச்சு வெறும் வயித்துல குடுத்தேன். வாந்தி எடுத்தா, மறுக்கா அரைச்சுக் குடுத்தேன். பெத்த தாய் பண்ணுவாளா இதை? ஈரத்துணியோட அரசமரத்தச் சுத்தச் சொன்னேன். சளி புடிச்சுது, அதுக்கும் நாந்தான் கசாயம் வெச்சேன். பையனுக்கா? அவனுக்கு எதுக்குங்க? அவனுக்குக் கறிக்கொழம்பு.

ஒரு நாளு எங்க நாத்தனா மகளுக்கு வளைகாப்பு வெச்சாங்க. நர்மதா அவ காசுல பச்சை வளையல் வாங்கிக்கிட்டு வந்திருந்தா. பொம்பளைங்க எல்லாரும் வரிசையா வந்து வளையல் போடறாங்க. இவளும் வரிசைல போயி நின்னுட்டாளுங்க. யாராவது எதாவது சொல்லி அந்தப் புள்ள மனசு கஷ்டப்படக் கூடாது பாருங்க. நானே போயி, 'கண்ணு, நீ பந்தியக் கவனிச்சுக்க'ன்னு மெதுவாச் சொன்னேன். மெதுவாத்தான் சொன்னனுங்க, எங்கொரலு அப்பிடி, மண்டபத்துல அந்தக் கோடி வரைக்கும் கேக்கும். அவ வளையலை அப்பிடியே மேடை ஓரமா வெச்சுட்டுப் போயி எல்லாருக்கும் ரசம் ஊத்துனா. ஊட்டுக்கு வந்து ரெண்டு நாள் பேசலை. நின்னு நின்னு கால்வலியாட்டம் இருக்குதுன்னு நெனைச்சுக்கிட்டேன்.

பொறவு ஒரு காலைல சீலை கட்டிக்கிட்டு வந்து நிக்கறா. 'அத்தை, கவர்மெண்ட் ஆஸ்பத்திரில கொளந்தை இல்லாதவங்களுக்குக் கேம்ப் போடறாங்க. நான் போறேன்'னா. போலாமான்னு கேக்கலை, பாத்துக்கங்க. போறேன்னா.

'போ கண்ணு. போயி உனக்கு என்ன கொறைன்னு தெரிஞ்சுக்கிட்டு வா. இரு, நானும் வாறேன்'னேன்.

அங்க போயிப் பாத்தா, அடேயப்பா, என்ன கூட்டங்கறீங்க! எல்லாம் பொம்பளைங்க. மாமியா மருமக, அம்மா மக, இப்பிடி சோடி சோடியா. ஆம்பளைங்களைக் காணோம். ரோட்டுக்கு அக்கட்ட டீக்கடையில நிக்கறானுங்க எல்லாம், எதோ டீக் குடிக்க வந்தவனுங்களாட்டம். ஒருத்தன் வண்டி மேல உக்காந்துக்கிட்டு மத்தியானம் வரைக்கும் ஹெல்மெட்டக் கழட்டவே இல்லீங்க. அதோடவே டீயும் குடிச்சான்.

டாக்டரம்மா பேரு ரெஜினா. குள்ளமா இருப்பாங்க, மைக்கே வேண்டாம், அப்பிடி ஒரு கொரலு. எழுந்து நின்னு சொல்றாங்க: "குழந்தை இல்லாதது சாமி குத்தமும் இல்ல, சாபமும் இல்ல. அது ஒரு உடம்புப் பிரச்சினை. இந்தத் தாலுகாவுல எத்தனை வீட்டுல இருக்குன்னு நினைக்கறீங்க? வெளியில சொல்றதில்ல, அவ்வளவுதான். கிட்டத்தட்ட பாதிக் கேஸுல ஆம்பளைகிட்டயும் காரணம் இருக்கு. அவங்களுக்குப் பண்ற டெஸ்ட் ரொம்பச் சுலபம். ஆனா நம்ம ஊருல அதைத்தான் கடைசியா பண்றோம். அதுவரைக்கும் பொண்ணுங்களைப் போட்டுப் பாடாப் படுத்தறோம்."

நான் கைதட்டுனனுங்க. ஏன்னா எனக்கு ரத்தினா மகன் நெனப்புத்தான் வந்துச்சு. அவனுக்கும் கொளந்தை இல்ல. அவனைப் பாத்தாலே தெரியும், சோகை புடிச்சவனாட்டம்.

உள்ள கூப்புட்டாங்க. டாக்டரம்மா நர்மதாகிட்ட, 'வீட்டுக்காரர் எங்கம்மா?'ன்னாங்க. அவ வாயத் தொறக்கறதுக்குள்ள நாஞ்சொல்லிட்டேன்: 'அவன் எதுக்குங்க டாக்டரம்மா? அவனுக்கு ஒரு கொறையுமில்ல. சிங்கமாட்டம் இருக்கறான்.'

அவங்க கண்ணாடியக் கழட்டி வெச்சுட்டு என்னையப் பாத்தாங்க. "ரொம்ப சந்தோஷம்மா. அடுத்த தடவை சிங்கத்தையும் கூட்டிட்டு வாங்க. அது வராம இந்தப் பொண்ணுக்கு ஒரு ஊசி கூடப் போட மாட்டேன்."

என்ன திமிருங்கறீங்க! நர்மதா தலையக் குனிஞ்சுக்கிட்டு இருந்தா. அழுகறாளோன்னு பாத்தேன். தோளு குலுங்குது. சிரிக்கறாளுங்க.

பூபதி அந்த நேரத்துக்கு லீவுல வந்திருந்தான். வரமாட்டேன்னுட்டான். 'எனக்கென்ன கேடு, நான் ஆம்பளை'ன்னு குதிச்சான். நர்மதா சத்தமே போடலை. 'சரிங்க, வர வேண்டாம். இந்த வாட்டி நானும் உங்ககூடவே ஒரிசாவுக்கு வந்துடறேன். வண்டில இருக்கறவங்களுக்கெல்லாம் சமைச்சுப் போடறேன். சாப்பிடறப்போ டாக்டர் சொன்னதையெல்லாம் ஒவ்வொண்ணா எடுத்துச் சொல்றேன்'னா. அவன் சட்டையப் போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிட்டான்.

அங்க ஒரு சின்ன டப்பாவக் கையில குடுத்து ஒரு ரூமுக்கு அனுப்புனாங்க. பெரிய மலையத் தொளைக்கறவன், டப்பாவ ரெண்டு கைலயும் மறைச்சுக்கிட்டுப் போறான். போனவன் வரவே காணோமுங்க. எனக்கு மனசு கேக்குமா? பெத்தவயிறு. கதவத் தட்டி, 'ஏஞ்சாமி, அம்மா வந்து எதாவது ஒத்தாசை பண்ணட்டுமா?'ன்னு கேட்டேன். அந்த வராண்டாவே சிரிச்சுது. எதுக்குச் சிரிச்சாங்கன்னு பூபதி இன்னி வரைக்கும் எனக்குச் சொல்லலை.

ரிசல்ட்டு வந்துது. நர்மதாவுக்கு ஒண்ணுமில்ல. இவனுக்குத்தான் அணு கம்மியாம். கீழ நரம்பு சுருட்டிக்கிட்டு நிக்குதாம். போதாக்கொறைக்கு எந்நேரமும் எஞ்சின் சூட்டுல உக்காந்திருக்கறது, வாயில பொயலைய ஒதுக்கிக்கறது, இதெல்லாம் சேந்து கெடுத்திருக்கலாமாம். "பயப்படாதீங்க தம்பி. சின்ன ஆப்பரேஷன்தான். நிறையப் பேருக்குச் சரியாகியிருக்கு. எல்லாருக்கும் ஆகும்னு நான் பொய் சொல்ல மாட்டேன்"னு டாக்டரம்மா பொறுமையாத்தான் சொன்னாங்க.

நான் உட்டனா? 'டப்பா மாறிப்போச்சு, அந்த ஹெல்மெட்டுக்காரன் டப்பாவாத்தான் இருக்கும்'னு சண்டை போட்டேன். ஈரோட்டுக்குக் கூட்டிட்டுப் போயி மறுக்காப் பாத்தோம். அங்கயும் அதேதான் சொன்னாங்க. ஈரோட்டுலயும் மெஷினு கெட்டுக் கெடக்குதாட்டம் இருக்குதுன்னேன். பூபதிதான் 'போதும்மா, வா'ன்னு கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தான். பஸ்ஸுல எம்பக்கத்துல உக்காராம, பின்னால போயி நின்னுக்கிட்டான்.

ஊட்டுக்கு வந்தவன் சொவத்தப் பாத்துப் படுத்துட்டான். சோறு வேண்டாம், தண்ணி வேண்டாம். நாளைக்கே வண்டிக்குப் போறேன், திரும்பி வரமாட்டேங்கறான். நர்மதா பக்கத்துல உக்காந்து, 'இத்தனை வருசம் எனக்குத்தான் கொறைன்னு நெனைச்சீங்களே, அப்ப நான் உங்களை உட்டுட்டு எங்கயாவது போனனா?'ன்னு கேட்டா. அவன் போர்வைய இழுத்து மூடிக்கிட்டான்.

எம்பையன் அப்பிடிக் கெடக்கறதப் பாத்துட்டு நான் சும்மா இருக்க முடியுங்களா? ஒரு ரோசனை பண்ணேன். 'இங்க பாரு கண்ணு, ஆஸ்பத்திரி சமாச்சாரம் ஆஸ்பத்திரியோட இருக்கட்டும். வெளியில யாராச்சும் கேட்டா உனக்குத்தான் எதோ கொறைன்னு சொல்லிக்கலாம். அஞ்சு வருசமா உம்மேலதான இருக்குது, அப்பிடியே இருந்துட்டுப் போகட்டும். பொம்பளைக்கு இதெல்லாம் பழகிப்போயிருக்கும். ஆம்பளைன்னா தலை நிமுந்து நடக்க வேண்டாமா?'ன்னேன். ஞாயந்தானுங்களே?

நர்மதா கையில சோத்துக் கரண்டியோட நின்னுக்கிட்டு என்னையவே பாத்தா.

அப்பத்தான் எங்க ஊட்டுக்காரர் வாயத் தொறந்தாரு. அவரு பேசற ஆளில்லீங்க. சோத்துல உப்புப் பத்தலைன்னாக்கூடச் சொல்லாம எந்திரிச்சுப் போயி எடுத்துப் போட்டுக்குவாரு. அவரு சொல்றாரு: 'தொளசி, அந்தப் புள்ள மேல சொல்லாத.'

'வேற யாரு மேல சொல்றது?'ன்னேன்.

'எம்மேல சொல்லு. எனக்கும் இதேதான் இருந்துது. பூபதி பொறக்கறதுக்கு முன்னால கோயமுத்தூர்ல ஆப்பரேசன் பண்ணிக்கிட்டனே, அது கொடலெறக்கம் இல்ல.'

எனக்கு மொதல்ல வெளங்கவே இல்லீங்க. பூபதி எந்திரிச்சு உக்காந்துட்டான். நர்மதா கரண்டியக் கீழ வெச்சுட்டா. நான் மட்டும் 'பின்ன என்ன எறக்கம்?'னு கேட்டுக்கிட்டு நிக்கறேன்.

உங்களுக்குச் சொல்லலையே. பூபதி எனக்குக் கல்யாணமாயி ஏழு வருசங் கழிச்சுப் பொறந்தவன். அந்த ஏழு வருசம் எங்க மாமியாக்காரி என்னையப் படுத்துன பாடு இருக்குதே! வேப்பங்கொழுந்த அரைச்சு வாயில ஊத்துவா. ஈரத்துணியோட கோயிலச் சுத்திப் பொரள உடுவா. வளைகாப்புன்னா என்னைய அடுப்படிக்குத் தொரத்தி உட்டுருவா. தெருவுல போறவிய வாறவியகிட்டயெல்லாம் காய்க்காத மரம்னு சொல்லுவா, நான் உள்ளாற இருக்கறது தெரிஞ்சே சொல்லுவா! இவருக்கு ரெண்டாந்தாரம் பாக்க வெள்ளகோயிலு வரைக்கும் போயிட்டு வந்தா. நான் கெணத்து மேட்டுல போயி நின்னவ, தெரியுங்களா? எட்டிப் பாத்துட்டு, எங்கப்பன் மூஞ்சி நெனப்பு வந்து திரும்பி வந்தேன்.

அத்தனையும் பாத்துக்கிட்டு இந்த மனுசன் கம்முனு இருந்திருக்கறாரு.

'உங்கம்மாளுக்குத் தெரியுமா?'ன்னு கேட்டேன்.

'தெரியும். அம்மாதான் வெளியில சொல்ல வேண்டாம்னுச்சு. ஆம்பளைப் புள்ளைக்குக் கேவலம், அவ மேலயே இருந்துட்டுப் போகட்டும்னுச்சு.'

கேட்டீங்களா? அவ மேலயே இருந்துட்டுப் போகட்டுமாம்! ஒரு பொம்பளை வாயில வர்ற வார்த்தையாங்க அது? இப்பிடியும் ஒரு மாமியா இருப்பாளா ஒலகத்துல? நான் கத்துன கத்துல தெருவே கூடிப்போச்சு. 'நர்மதா, நீயே சொல்லு கண்ணு, ஒரு பொம்பளை இன்னொரு பொம்பளைக்குப் பண்ற காரியமா இது?'ன்னு அவகிட்டயே ஞாயங் கேட்டேன். அவ என்னையப் பாத்தா. பாத்துட்டுச் சிரிக்க ஆரம்பிச்சுட்டா. கண்ணுல தண்ணி வர வரச் சிரிக்கறா. பாவம், சின்னப் புள்ள, அதிர்ச்சி தாங்கலை.

நான் அழுதனுங்க. அந்தக் கெழவி செத்தப்ப மார்ல அடிச்சுக்கிட்டு அழுதனே, அந்த அழுகையெல்லாம் வீணாப் போச்சேன்னு அழுதேன். நர்மதாதான் சொம்புல தண்ணி கொண்டாந்து குடுத்தா. எம்பக்கத்துல உக்காந்து, அவுந்து கெடந்த தலைய அள்ளி முடிஞ்சு உட்டா. எங்கூட்டுக்கு வந்து இத்தனை வருசத்துல அவ அப்பிடி ஒட்டி உக்காந்தது அன்னிக்குத்தான். 'கெணத்து மேட்டுக்கு நானும் ஒருக்காப் போயிருக்கறேன் அத்தை'ன்னா. ஏங்கண்ணு, உனக்கு என்ன கொறைச்சல், நான் உன்னைய அப்பிடியா வெச்சிருந்தேன்னு கேட்டேன். அவ எங்கையப் புடிச்சுக்கிட்டா.

எங்க ஊட்டுக்காரரை நான் சும்மா உடலை. 'நான் பொரண்ட கோயிலயெல்லாம் நீயும் பொரளு'ன்னுட்டேன். அறுவத்திமூணு வயசுல ஈர வேட்டியோட பொரண்டாருங்க. நான் பின்னாலயே நடந்து போனேன், நடுவுல எந்திரிச்சுருவாருன்னு. வேப்பங்கொழுந்தும் அரைச்சுக் குடுத்தேன். மீசை மேல அவருக்கு உசுரு, அதையும் எடுக்க வெச்சேன். மறு பேச்சில்லாம எல்லாத்தையும் பண்ணாரு. பூசாரி என்ன வேண்டுதலுன்னு கேட்டதுக்கு, 'பழைய பாக்கி'ன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அன்னிக்குச் சோறு போட்டேன்.

பூபதி ஆப்பரேசன் பண்ணிக்கிட்டான். அப்பனே ஒத்துக்கிட்ட பொறவு அவனுக்கு என்ன ரோசம்? பொயலையவும் உட்டுட்டான். ஆனா ஊருக்கெல்லாம் சமாச்சாரம் தெரிஞ்சு போச்சுங்க. எவ சொன்னாளோ. நான் ரத்தினாகிட்ட மட்டுந்தான் சொன்னேன், மளிகைக்கடைல சொன்னேன், மகளிர் குழுவுல சொன்னேன். மத்தபடி யாருகிட்டயும் மூச்சு உடலை.

அப்பத்தான் எனக்கு ஒண்ணு தோணுச்சு. எம்பையன் ஒருத்தன் மட்டும் ஏன் தலை குனிஞ்சு நடக்கணும்? டாக்டரம்மாதான் கணக்குச் சொல்லிட்டாங்களே, பாதிக்குப் பாதின்னு. மத்தவனுங்க எங்க? ஒளிஞ்சுக்கிட்டு இருக்கறானுங்களே! ஊடு ஊடாப் போக ஆரம்பிச்சேன். மொதல்ல ரத்தினா ஊடு. 'உம்மகனை அனுப்பறயா, இல்ல நானே கூட்டிட்டுப் போகட்டுமா?'ன்னேன். கல்யாண ஊட்டுல யாராச்சும் புதுப்பொண்டாட்டிகிட்ட விசேசமான்னு கேட்டா, நான் நேரா மாப்பிளைகிட்டப் போயி, 'ஏந்தம்பி, டெஸ்ட்டு பண்ணிட்டீங்களா?'ன்னு கேப்பேன். போர்வண்டிக்காரனுங்க என்னையக் கண்டாச் சந்துல திரும்பிடறானுங்க. ஆனா போறானுங்க, பாத்துக்கங்க. எனக்குப் பயந்துக்கிட்டாவது போறானுங்க. இப்பக் கேம்ப்புல போயிப் பாருங்க, பொம்பளையும் ஆம்பளையும் சோடியா உக்காந்திருக்கறாங்க. ரத்தினா மருமக மாசமா இருக்கறா. ரத்தினா எங்கூடப் பேசறதில்ல, அந்தப் புள்ள மட்டும் என்னையக் கண்டாச் சிரிக்குது.

போன கேம்ப்புல எனக்குச் சால்வை போத்துனாங்கங்க! டாக்டரம்மா என்னையப் பேசச் சொன்னாங்க. 'நான் ஆரம்பத்துல இருந்தே பையனைத்தான் மொதல்ல பாக்கணும்னு சொன்னவ. மருமகளை ஒரு வார்த்தை சொன்னதில்ல'ன்னு பேசுனேன். நர்மதாதான் எல்லாருக்கும் முன்னால கைதட்டுனா. ரொம்ப நேரம் தட்டுனா. டாக்டரம்மாதான் கைக்குட்டைய வாயில வெச்சுக்கிட்டாங்க, இருமலாட்டம் இருக்குது.

நர்மதாவுக்கா? இன்னும் ஒண்ணும் இல்லீங்க. அணு கொஞ்சம் ஏறியிருக்குதாம், பொறுத்துப் பாக்கலாங்கறாங்க. ஆகலைன்னா வேற வைத்தியம் இருக்குதாம். அதுவும் ஆகலைன்னா ஒரு கொளந்தைய எடுத்து வளத்துக்கலாம்னு புருசனும் பொண்டாட்டியும் பேசிக்கறாங்க. எனக்கு அடிச்சுக்குதுங்க, இல்லீன்னு சொல்லலை. ஆனா இப்ப மாசாமாசம் கேக்கறதில்ல. அவளே ஒரு நாளு, 'அத்தை, எதாவதுன்னா மொதல்ல உங்ககிட்டத்தான் சொல்லுவேன், அது வரைக்கும் கேக்காதீங்க'ன்னுட்டா. அதுலயிருந்து பூபதிகிட்டத்தான் கேக்கறது.

தாராபுரத்துக்கு எதுக்குப் போறேன்னா, அங்க எங்கக்கா மகன் இருக்கறான். பேக்கரி வெச்சிருக்கறான், நாளெல்லாம் அடுப்புக்கு முன்னால நிக்கறவன். கொளந்தை இல்ல. ஃபோனடிச்சா எடுக்க மாட்டேங்கறான். அதான் நேர்லயே போறேன், கையோட கூட்டிட்டு வந்துருவேன்.

ஏனுங், அதுக்குள்ள எதுக்குக் கைப்பையத் தூக்கறீங்க? ஸ்டாப்பு இன்னும் வரலையே. கண்டக்டரு தம்பி எதுக்கு இங்க வந்து நிக்கறாப்பல? டிக்கெட்டு அப்பவே வாங்கிட்டனே. என்ன தம்பி? என்னது? காதுகிட்ட வந்து முணுமுணுத்தா எனக்கெப்பிடிக் கேக்கும், சத்தமாச் சொல்லு.

ஓ, கேம்ப்பு என்னிக்குன்னா கேக்கற? வியாழக்கெழம தம்பி! வியாழக்கெழம காலைல! இதக் கேக்க என்ன வெக்கம்? கல்யாணமாயி எத்தனை வருசமாச்சு? ஏந்தம்பி ஓடற, நில்லு, அட விசிலை அப்பறமா ஊதிக்கலாம். பொண்டாட்டியத் தனியா அனுப்பிச்சுப்போடாத, நீயும் கூட வா. பாவம், அந்தப் புள்ளகிட்ட ஒரு வார்த்தை சொல்லாத. பஸ்ஸுல இருக்கற எல்லாருக்கும் சேத்துத்தான் சொல்றேன், கேட்டுக்கங்க: வியாழக்கெழம!